மெயில் அனுப்ப எந்த முகவரிப் புத்தகம்: பொதுவா, சொந்தமா?

மெயில் எழுத உட்கார்ந்து, பெறுநர் கட்டத்தில் இரண்டு எழுத்துத் தட்டினால் போதும், கீழே நாலைந்து பெயர்கள் வந்து நிற்கும். தெரிந்த பெயராக ஒன்றைத் தொட்டுவிட்டு விஷயத்தை எழுதத் தொடங்கிவிடுகிறோம். அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்பதில்லை. மெயில் வேறு ஆளிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கேட்கிறோம்.

அவை ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கம்பனியோ திணைக்களமோ எல்லோருக்குமாக வைத்திருக்கும் பொது முகவரிப் புத்தகம் ஒன்று. நாமே பெயர் சேர்த்து வைத்திருக்கும் சொந்தப் புத்தகம் இன்னொன்று. இவை தவிர, நாம் கேட்காமலே மென்பொருள் சேர்த்து வைக்கும் மூன்றாவது ஒன்றும் உண்டு. வில்லங்கம் பெரும்பாலும் அங்கேதான். அதைப் பிறகு பார்ப்போம்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு முதல் இரண்டையும் விளங்கப்படுத்துவது சுலபம். ஆபிஸில் தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்ரோல் இருக்கிறது, கணக்கப்பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி இருக்கிறது. செக்ரோலில் பெயர் ஏற்றுவதும் வெட்டுவதும் ஆபிஸின் பொறுப்பு. யார் பார்த்தாலும் அதே பட்டியல்தான். பைக் கொப்பியில் இருப்பது கணக்கப்பிள்ளைக்கு மட்டுமே விளங்கும், அவர் திருத்தினால்தான் திருத்தம். பொது முகவரிப் புத்தகமும் சொந்தப் புத்தகமும் இதே கணக்குத்தான்.

பொதுப் புத்தகத்துக்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் அவுட்லுக்கில் அது ‘குளோபல் அட்ரஸ் லிஸ்ட்’. கூகுள் வொர்க்ஸ்பேஸ் பாவிக்கும் நிறுவனங்களில் ‘டிரெக்டரி’. தண்டர்பேர்ட் போன்றவை எல்டாப் என்ற முறையில் நிறுவனத்தின் பட்டியலுக்குள் போய்த் தேடும். 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான அந்த முறை இன்றைக்கும் ஓடுகிறது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். புதிய ஆளுக்கு நிர்வாகி மெயில் கணக்குத் திறக்கும்போதே அவர் பெயரும் பட்டியலில் ஏறிவிடும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை எடுத்துவிட்டால் பெயரும் போய்விடும். நீங்கள் தேடலாம், பார்க்கலாம், அனுப்பலாம். திருத்துவது மட்டும் உங்கள் கையில் இல்லை.

சொந்தப் புத்தகம் அவுட்லுக்கிலும் ஜீமெயிலிலும் ‘கொன்டாக்ட்ஸ்’ என்ற பெயரில் இருக்கும். அதில் யாரை வைப்பது, என்ன பெயரில் வைப்பது, எப்போது நீக்குவது எல்லாம் உங்கள் விருப்பம்.

சரி, எதை எப்போது பாவிப்பது? நான் யாருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தாலும் ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்: இந்த முகவரி நாளைக்கு மாறினால், அதைத் திருத்துவது யாருடைய வேலை? ஆபிஸின் வேலை என்றால் பொதுப் புத்தகத்திலிருந்து எடுங்கள். உங்கள் வேலை என்றால் சொந்தப் புத்தகத்தில் வையுங்கள். மற்ற எல்லா விதியும் இதற்குப் பிறகுதான்.

தோட்ட ஆபிஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. தோட்டம் பொகவந்தலாவையில் இருக்கும், தலைமை அலுவலகம் கொழும்பில் இருக்கும், மெயில் கணக்குகளைத் திறந்து மூடுவது அங்கேயுள்ள கணினிப் பிரிவாக இருக்கும். தோட்டத்தை நடத்தும் மேலாளர்களான துரைமார் இடம் மாறுவதும் வழக்கம். இன்று டிக்கோயாப் பக்கம் இருப்பவர் அடுத்த வருடம் ஹப்புத்தளையில் இருக்கலாம். இந்த நிலையில் கிளாக்கர் ஒருவர் வசதிக்காகத் துரையின் முகவரியைத் தன் சொந்தப் புத்தகத்தில் ‘பெரிய துரை’ என்று சேமித்து வைக்கிறார் என்று வையுங்கள். துரை மாறிப் போன பிறகும் ‘பெரிய துரை’ என்று தட்டினால் பழைய ஆளுக்குத்தான் மெயில் போகும். புதியவர் ‘அந்த ரிப்போர்ட் எங்கே?’ என்பார். கிளாக்கர் ‘போன கிழமையே அனுப்பிட்டேனே, சேர்’ என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

அதனால் கம்பனிக்குள் இருப்பவர்களை, எவ்வளவு நெருக்கமானவர்களாக இருந்தாலும், சொந்தப் புத்தகத்தில் சேர்க்காதீர்கள் என்பதே என் யோசனை. அவுட்லுக்கில் பொதுப் பட்டியலில் இருக்கும் பெயரின் மேல் போய் ‘கொன்டாக்ட்ஸில் சேர்’ என்று அழுத்தினால் கிடைப்பது பெரும்பாலும் அன்றைய தேதியின் ஒரு கொப்பி. அப்புறம் அவருடைய பதவி மாறினாலும், போன் நம்பர் மாறினாலும் அந்தக் கொப்பிக்குத் தெரியாது. பொதுப் புத்தகம் சரியாக இருக்க, உங்கள் திரையில் மட்டும் பழைய விபரம் நிற்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம், ஆளுக்கு அனுப்புவதா, பதவிக்கு அனுப்புவதா என்பது. பல இடங்களில் தோட்டத்தின் பெயரிலேயே, அல்லது ‘கணக்குப் பிரிவு’, ‘கொள்வனவு’ என்று பிரிவின் பெயரிலேயே முகவரி இருக்கும். ஆள் மாறினாலும் அது மாறாது. மாதாந்த அறிக்கை, கொழுந்துக் கணக்கு, பில் போன்றவற்றை அந்த முகவரிக்கு அனுப்புவதே நல்லது. ஒருவரின் லீவு விண்ணப்பம், சம்பளப் பிரச்சினை, முறைப்பாடு போன்றவை ஆளின் முகவரிக்கு. பதவி முகவரியைத் திறந்து பார்ப்பவர் ஒருவர்தான் என்று நம்ப வேண்டாம், நாலு பேரின் கண்ணில் படலாம்.

வெளியாட்கள் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கியது. ஏலத்துக்குப் போகும் தேயிலையின் விபரம் தரகர் கம்பனிக்குப் போயாக வேண்டும். அவர்கள் உங்கள் கம்பனி ஆட்கள் இல்லை, உங்கள் பொதுப் பட்டியலில் தானாக ஏற மாட்டார்கள். மெஷின் சாமான் விற்கும் ஹட்டன் கடை, லொறிக்காரர், மண் மாதிரி பற்றி எழுத வேண்டிய தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம், எல்லாம் அப்படித்தான். இவர்களைச் சொந்தப் புத்தகத்தில் வைக்கலாம். ஆனால் அதே தரகருக்குத் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கும் டீமேக்கரும் எழுதுகிறார், கிளாக்கரும் எழுதுகிறார், துரையும் எழுதுகிறார் என்றால் மூன்று சொந்தப் புத்தகத்தில் மூன்று கொப்பி இருக்கும். அவற்றில் ஒன்று கட்டாயம் பழசாகும். அப்படிப்பட்ட வெளியாட்களைப் பொதுப் புத்தகத்திலேயே சேர்க்கும் வசதி அவுட்லுக்கின் பின்னால் இருக்கும் எக்ஸ்சேஞ்சிலும் உண்டு, கூகுள் வொர்க்ஸ்பேஸிலும் உண்டு. நிர்வாகியிடம் கேட்டால் சேர்த்துத் தருவார். கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

அப்புறம் பெயர்ச் சிக்கல். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து, அப்புறம் சொந்தப் பெயர். ஒரு கம்பனியின் பொதுப் பட்டியலில் எஸ். சிவகுமார் இரண்டு பேரும், கே. சிவகுமார் ஒருவரும் இருந்தால் அதிசயம் இல்லை. பட்டியல் ஆங்கில எழுத்தில் இருப்பதால் கூத்து இன்னும் கூடும். ஒருவர் பெயரை ‘எஸ், ஐ’ என்று தொடங்குவார், இன்னொருவர் நடுவில் ஒரு ‘எச்’ போடுவார். ‘எஸ், ஐ’ என்று தட்டினால் ‘எச்’ போட்டவர் வரவே மாட்டார். ‘அவர் லிஸ்டில் இல்லை’ என்று முடிவு கட்டிவிட்டு எங்கேயோ கிடந்த பழைய முகவரிக்கு அனுப்பிவிடுவோம்.

இந்த இடத்தில் பொதுப் புத்தகம் உதவுகிறது. பெயரோடு பதவி, பிரிவு, அலுவலகம் எல்லாம் அதில் இருக்கும், அதாவது நிர்வாகி நிரப்பியிருந்தால். பெறுநர் கட்டத்தில் பெயரின் ஒரு பகுதியைத் தட்டிவிட்டு கன்ட்ரோல் விசையுடன் ‘கே’ எழுத்தை அழுத்திப் பாருங்கள். கணினியில் நிறுவிப் பாவிக்கும், ‘கிளாசிக்’ எனப்படும் பழைய அவுட்லுக், பொருந்தும் பெயர்களை எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் கொண்டுவந்து ‘இவர்களில் யார்?’ என்று கேட்கும். அந்தப் பெட்டியில் ஒரு நிமிடம் செலவழிப்பது, பிறகு மன்னிப்புக் கேட்டு இன்னொரு மெயில் எழுதுவதைவிட மேல். சொந்தப் புத்தகத்தில் இந்த உதவியை நீங்களே செய்துகொள்ள வேண்டும். வெறுமனே ‘சிவகுமார்’ என்று சேமிக்காமல் ‘சிவகுமார் ஹட்டன் மெஷின் சாமான்’ என்று சேமித்துவிட்டால் கை தவறாது. தமிழிலும் சேமிக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் தட்டித் தேடும் பழக்கம் இருந்தால் தமிழ்ப் பெயர் சிக்காது, முகவரியின் எழுத்துகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டிவரும். எந்த எழுத்தில் தேடுவீர்களோ அதில் சேமியுங்கள்.

ஒரே பெயர் இரண்டு புத்தகத்திலும் இருந்தால் மென்பொருள் எதை முதலில் பார்க்கும்? கிளாசிக் அவுட்லுக்கில் இதை நீங்களே தீர்மானிக்கலாம். முகவரிப் புத்தகத்தைத் திறந்து, மேலே ‘டூல்ஸ்’ என்பதற்குள் ‘ஒப்ஷன்ஸ்’ போனால், பொதுப் பட்டியலில் தொடங்கு, கொன்டாக்ட்ஸில் தொடங்கு, அல்லது நீ சொல்லும் வரிசையில் பார் என்று மூன்று தெரிவு இருக்கும். நாள் முழுக்கக் கம்பனிக்குள்ளேயே எழுதுபவர் பொதுவை முதலில் வைக்கட்டும். கொள்வனவில் இருந்துகொண்டு பெரும்பாலும் கடைக்காரருக்கும் தரகருக்கும் எழுதுபவர் சொந்தத்தை முதலில் வைக்கலாம்.

இனி அந்த மூன்றாவது புத்தகம். நீங்கள் ஒரு தடவை யாருக்காவது மெயில் அனுப்பினால் போதும், மென்பொருள் அந்த முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜீமெயிலில் அது ‘அதர் கொன்டாக்ட்ஸ்’ என்ற பெயரில் ஒளிந்திருக்கும். தண்டர்பேர்டில் ‘கலெக்டட் அட்ரஸஸ்’. அவுட்லுக்கில் தனிப் புத்தகமாகத் தெரியாது. தட்டும்போது மட்டும் வந்து நிற்கும், கிட்டத்தட்ட ஆயிரம் முகவரி வரை நினைவில் வைத்திருக்கும். பெறுநர் கட்டத்துக்குக் கீழே முந்திக்கொண்டு வருவது பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான். அதனால்தான், பொதுப் புத்தகத்திலிருந்து எடுத்தோம் என்று நினைத்துக்கொண்டே பலர் பழைய முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆபிஸில் ஒருவரின் மெயில் கணக்கை அழித்துவிட்டு, அதே பெயரில், அதே முகவரியோடு புதிதாகத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கம்போல அனுப்புகிறீர்கள், மெயில் திரும்பி வருகிறது. முகவரியில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. வெளியிலிருந்து அனுப்புபவரின் மெயில் ஒழுங்காகப் போகிறது. உங்களுடையது மட்டும் போகாது. காரணம், கம்பனிக்குள் இருப்பவர்களை அவுட்லுக் திரையில் தெரியும் முகவரியால் நினைவில் வைப்பதில்லை. உள்ளே இருக்கும் வேறொரு நீண்ட அடையாளத்தால் வைத்திருக்கிறது. கணக்கு புதிதாகும்போது அந்த அடையாளமும் புதிதாகிவிடும், உங்கள் பட்டியலில் பழையது மாட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெயர் கீழே வரும்போது பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி நீக்கிவிட்டு, பொதுப் புத்தகத்தைத் திறந்து அங்கேயிருந்து பெயரை எடுங்கள். போய்ச் சேரும். இதற்காக நெட்வேர்க்காரரைக் கூப்பிட்டு அரை நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது புத்தகத்தின் கெட்ட குணம் வேறொன்று. கடைக்காரரின் பெயரில், ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதற்குப் போடவும்’ என்று மெயில் வருகிறது. நீங்கள் ‘சரி, பார்க்கிறோம்’ என்று ஒரு வரி பதில் போட்டாலே போதும், மோசடிக்காரரின் முகவரியும் பட்டியலில் ஏறிவிடலாம். அடுத்த தடவை கடையின் பெயரைத் தட்டும்போது அதுவும் கூடவே வந்து நிற்கும், உண்மையான கடைக்காரரின் முகவரியைப் போலவே. காசு சம்பந்தமான மெயிலுக்கு இந்தப் பட்டியலை நம்பவே வேண்டாம். பதில் பொத்தானையும் நம்ப வேண்டாம். நீங்கள் கையால் சரிபார்த்துச் சேமித்த முகவரிக்குப் புதிதாக எழுதுங்கள், அதோடு பழைய நம்பருக்குக் கோல் எடுத்துக் கேளுங்கள். ஜீமெயிலில் பொது அமைப்புகளுக்குள் போய், இப்படித் தானாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு ‘நானே சேர்த்துக்கொள்கிறேன்’ என்று மாற்றவும் முடியும். நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

குழுவுக்கு அனுப்பும்போதும் இதே பொது, சொந்தம் என்ற வேறுபாடு வரும். பொதுப் புத்தகத்தில் ‘எல்லா டீமேக்கர்களும்’ என்று ஒரு குழு இருந்தால், மெயில் போகும் நேரத்தில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குப் போகும். நேற்றுச் சேர்ந்தவருக்கும் கிடைக்கும். நீங்களே சொந்தமாகக் கட்டிய குழு, கட்டிய நாளிலேயே நின்றுவிடும். ஜீமெயிலில் கொன்டாக்ட்ஸுக்கு ‘லேபல்’ ஒட்டி, அந்த லேபலின் பெயரைப் பெறுநர் கட்டத்தில் தட்டினால் எல்லோரும் வந்துவிடுவார்கள். நாட்டிய விழாவுக்குப் பெற்றோரை அழைக்கும் ஆசிரியருக்கு அது போதும். ஆனால் பெற்றோரின் முகவரிகளை, பெறுநர்களை ஒருவருக்கொருவர் காட்டாமல் அனுப்பும் பிசிசி கட்டத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒருவரின் முகவரி எல்லோருக்கும் தெரிந்துவிடும். பொதுப் பட்டியலின் பெரிய குழுக்களில் வேறு ஆபத்து. பெயரைப் பார்த்தால் ஆறு பேர் மாதிரி இருக்கும், உள்ளே அறுநூறு பேர் இருப்பார்கள். அவுட்லுக்கில் குழுவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் உறுப்பினர்கள் எல்லோரையும் விரித்துக் காட்டும். விரித்ததை மறுபடி மடிக்க முடியாது. எனவே பார்த்துவிட்டு, அழித்துவிட்டு, குழுவின் பெயரைத் திரும்பப் போடுங்கள்.

பொதுப் பட்டியல் எப்போதும் இந்த நிமிடத்தின் பட்டியல் என்று நினைக்கவும் கூடாது. கிளாசிக் அவுட்லுக் அதன் கொப்பி ஒன்றைக் கணினிக்குள் இறக்கி வைத்துக்கொள்வது வழக்கம், அதைப் புதுப்பிப்பது நாளுக்கு ஒரு தடவை. மழைக்காலத்தில் லைன் போய்க் கிடக்கும் இடங்களுக்கு இது பெரிய வசதி. நெட் இல்லாவிட்டாலும் பெயர் தேடி மெயிலை எழுதி வைக்கலாம். அதற்கு விலை, காலையில் சேர்த்த ஆள் மாலை வரை உங்கள் திரையில் வராமல் இருக்கலாம். கூகுள் டிரெக்டரியிலும் மாற்றம் தெரிய ஒரு நாள் வரை எடுக்கும். புதியவரை அவசரமாகப் பிடிக்க வேண்டுமென்றால் முழு முகவரியைக் கேட்டு அப்படியே தட்டுங்கள்.

இவ்வளவும் பொதுப் புத்தகம் உள்ள இடங்களுக்கு. மலையகத்தில் பல அமைப்புகளுக்கு அது கிடையாது. சனசமூக நிலையம், கோயில் சபை, பழைய மாணவர் சங்கம், சின்னப் பாடசாலை எல்லாம் ஒரு சாதாரண ஜீமெயில் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லை மூன்று நாலு பேர் பகிர்ந்துகொண்டு ஓட்டுகின்றன. அப்போது அந்தக் கணக்கின் சொந்தப் புத்தகமே பொதுப் புத்தகமாகிவிடுகிறது. ஒருவர் அழித்தால் எல்லோருக்கும் அழியும். நல்ல வேளையாக, ஜீமெயிலில் நீக்கிய பெயர்கள் 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், மீட்டெடுக்கலாம். இப்படிப்பட்ட இடங்களில் முகவரிகளைத் திருத்தும் பொறுப்பைப் பேர் சொல்லி ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், செயலாளரே ஆகட்டும். மற்றவர்கள் பார்க்கட்டும், பாவிக்கட்டும். ஆட்களின் அடையாள அட்டை இலக்கம், வீட்டு விபரம் போன்றவற்றை அங்கே எழுதி வைக்கவும் வேண்டாம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டமே வந்திருக்கிறது. சட்டத்தை விட்டாலும், லயத்து முகவரியும் போன் நம்பரும் யார் கைக்கும் போகும்படி கிடப்பது நல்லதல்ல.

கைபேசியில் இது இன்னும் குழம்பும். ஆண்ட்ராய்ட் போனில் ஒரு நம்பரைச் சேமிக்கும்போது ‘எங்கே சேமிப்பது?’ என்று ஒரு வரி இருக்கும். சிம், போன், இந்தக் கூகுள் கணக்கு, அந்தக் கூகுள் கணக்கு என்று தெரிவுகள். சங்கத்தின் கணக்கையும் அதே போனில் போட்டிருப்பவர், கவனிக்காமல் சங்கத்தின் கணக்கில் சேமித்துக்கொண்டே போவார். மச்சான், நகை அடகுக் கடை, பிள்ளையின் டியூஷன் மாஸ்டர் எல்லோரும் சங்கத்தின் புத்தகத்தில் ஏறிவிடுவார்கள். சங்கத்தின் மற்ற உறுப்பினர் மெயில் எழுதத் தட்டினால் அவர்களும் கீழே வந்து நிற்பார்கள். பதவி முடிந்து அந்தக் கணக்கைப் போனிலிருந்து எடுத்தால், மச்சானின் நம்பரும் சேர்ந்து போனிலிருந்து காணாமல் போகும். அழியவில்லை, சங்கத்தின் கணக்கிலேயே இருக்கும். ஆனால் அதைத் திறக்க இப்போது உங்களிடம் கடவுச்சொல் இல்லை.

எனவே பதவியை ஒப்படைக்கும் முன்பு, கணினியில் கொன்டாக்ட்ஸைத் திறந்து, உங்கள் சொந்த ஆட்களை மட்டும் தெரிவு செய்து, ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து, தொடர்பு விபரங்களைச் சேமிக்கும் விகார்ட் என்ற வகைக் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். அதைச் சொந்தக் கணக்கில் ஏற்றி, பெயர்கள் ஒழுங்காக வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு சங்கத்தின் கணக்கிலிருந்து அவர்களை நீக்குங்கள். தரகர், கடைக்காரர், பிரதேச செயலகம், வலயக் கல்வி அலுவலகம் போன்ற முகவரிகளை அங்கேயே விட்டுவிடுங்கள், அடுத்து வருபவருக்கு அவை வேண்டும்.